கடல் தெரியுது சரி, கதவைத் தட்ட யார் இருக்கா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்துல இருக்கிறவங்க அப்புறமா உட்கார்ந்து படிங்க. ஆனா ரிட்டயராகப் போறவங்களும், ரிட்டயராகப் போற அப்பா அம்மாவை வச்சிருக்கிற பிள்ளைங்களும் தயவுசெஞ்சு முழுசா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, பிரசாதப் பாத்திரத்தை எல்லாம் கழுவி வச்சிட்டு வெளியே வர்றேன். செருப்பு வைக்கிற இடத்துல நம்ம கோயிலுக்கு இருபது வருசத்துக்கு மேல வந்துக்கிட்டு இருக்கிற ஓர் அண்ணன் என்னை நிறுத்தி, போனைக் காட்டினார். போர்ட்டிக்சன்ல ஒரு கொண்டோ. பதினாலாவது மாடி. பால்கனியில நின்னா நேரா கடல்.

"நாலு லட்சத்து ஐம்பதாயிரம் வெள்ளி சொல்றான்பா. ரெண்டு பேருக்கு அது போதும். இங்க இருக்கிற வீட்டை வித்துட்டு அங்கேயே போயிடலாம்னு பார்க்கிறோம். நீ என்ன சொல்ற?"

"நல்லா இருக்குண்ணே"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ராத்திரி தூக்கம் வரல. சொல்ல வேண்டியதைச் சொல்லாம வந்துட்டோமேன்னு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்த வருசத்துல இதே கேள்வியோட வந்த மூணாவது குடும்பம் அவங்க. அதனால அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை எல்லாருக்குமா சேர்த்து இங்கே எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். கடலைப் பார்த்து வீடு வாங்காதீங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் மிஞ்சப் போற நாளை நினைச்சுப் பார்த்து வாங்குங்க. அந்த நாளுக்கும் அந்த இடம் சரியா வரும்னா, கடலும் தெரியட்டும். ரொம்ப சந்தோசம்.

கடலோரம் போறது தப்புன்னு நான் சொல்ல வரல. அந்த ஆசை எனக்கும் இருக்கு. நம்மில் பாதிப் பேர் தோட்டத்துல பிறந்தவங்க. அப்புறம் தாமான்ல ஒரு லிங்க் ஹவுஸ் வாங்கி, முப்பது வருசம் லோன் கட்டி, பிள்ளைகளைப் படிக்க வச்சு முடிச்சோம். இப்போ பிள்ளைங்க சிங்கப்பூர்லயும் ஆஸ்திரேலியாவுலயும் இருக்காங்க. முட்டி வலியோட மாடிப்படி ஏற முடியல. கொண்டோன்னா லிஃப்ட் இருக்கு, கேட்ல செக்யூரிட்டி இருக்கு, காலையில மணல்ல நடக்கலாம். 55 வயசுல இபிஎஃப் பணம் கைக்கு வருது, 60 வயசுல வேலை முடியுது. உழைச்ச உடம்பு கொஞ்சம் காத்து வாங்கணும்னு நினைக்கிறதுல என்ன தப்பு?

தப்பு எங்க வருதுன்னா, நாம அந்த வீட்டைப் பார்க்கப் போற நாள்லதான். ஞாயித்துக்கிழமை போறோம். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். கார் ஓட்டத் தெம்பு இருக்கு. வெயில் அடிக்குது, கடல் பளபளன்னு இருக்கு. அன்னைக்கு எந்த வீடும் நல்லாத்தான் இருக்கும்.

நம்ம கோயில்ல நடந்த ஒரு விசயத்தைச் சொல்றேன். பேர் சொல்ல மாட்டேன். சொந்தக்காரங்க இந்தப் பக்கம் படிக்கிறாங்க, அவங்ககிட்ட கேட்டுத்தான் எழுதுறேன்.

ஒரு அண்ணன், அக்கா. தைப்பூசத்துக்கு விடியக்காலை மூணு மணிக்கு அன்னதானத்துக்குக் காய் நறுக்க முதல் ஆளா வந்து நிக்கிறவர் அவர். அக்கா மாலை கட்டுவாங்க. வீட்டை வித்துட்டு, கடலோரத்துல ஒரு கொண்டோவுல பதினோராவது மாடியில குடியேறினாங்க. முதல் வருசம் வாட்சாப்ல தினமும் சூரியன் மறையுற படம் வரும். நாங்க எல்லாரும் கும்பிடு போட்டு இதயம் போட்டுக்கிட்டு இருந்தோம்.

ரெண்டாவது வருசம் ஒரு நாள் ராத்திரி மூணு மணிக்கு அண்ணனுக்கு நெஞ்சு வலி. அந்த மாடியில எட்டு வீடு. அன்னைக்கு ஆள் இருந்தது அவங்க வீட்டுல மட்டும்தான். மத்த ஏழும் வார இறுதிக்கு வாடகைக்கு விடுற வீடு. அக்கா ஏழு கதவையும் தட்டிப் பார்த்திருக்காங்க. கீழே இருந்த செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு, அக்கா பேசினது அவருக்குப் புரியல. ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில காலையில உயிர் பிரிஞ்சிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறல. உடலை வீட்டுக்குக் கொண்டு வரணும். எந்த வீட்டுக்கு? பெட்டி உள்ளே போற அளவுக்கு லிஃப்ட் பெரிசு இல்ல. கார் பார்க்கில் கூடாரம் போட மேனேஜ்மென்ட் அனுமதி கொடுக்கல. ஹால் இருக்கு, அது பிறந்தநாளுக்கும் கூட்டத்துக்கும் மட்டும்தானாம். இங்க இருந்த வீடோ வித்தாச்சு. கடைசியில அவங்க பழைய தாமான்ல, தம்பி மகன் வீட்டுல, கார் நிறுத்துற இடத்துல வச்சுத்தான் காரியம் பண்ணோம். பக்கத்து வீட்டுச் சீனர் சொல்லாமலேயே தன் ரெண்டு காரையும் எடுத்து வேற தெருவுல நிறுத்திட்டு, பத்து நாற்காலி கொண்டு வந்து போட்டார். அவர் வாழ்ந்த வீடு அங்கேயிருந்து நாலு வீடு தள்ளித்தான் இருக்கு. அதுல வேற யாரோ குடியிருக்காங்க. அங்கிருந்துதான் மின்சுடலைக்கு எடுத்துக்கிட்டுப் போனோம்.

அக்கா அந்தக் கொண்டோவுக்கே திரும்பிப் போனாங்க. வேற எங்க போறது? கார் ஓட்டத் தெரியாது. பக்கத்துக் கோயில் ஏழு கிலோமீட்டர், கிராப் வந்தாத்தான் போக முடியும். இங்க இருந்தப்போ வெள்ளிக்கிழமை நடந்தே வந்தவங்க. ஒரு தடவை போன்ல சொன்னாங்க: "நேத்து முழுக்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலப்பா. சாயங்காலம் விளக்கு ஏத்தி சாமி பேரைச் சொல்லும்போதுதான் என் குரலையே கேட்டேன்."

இதை மனசுல வச்சுக்கிட்டு, இனி நான் சொல்றதைக் கேளுங்க.

முதல்ல இடம். நம்ம ஆளுங்க சொல்ற பேர் மூணுதான். போர்ட்டிக்சன், மலாக்கா, பினாங்கு.

போர்ட்டிக்சன் நமக்குப் பக்கம், பிள்ளைங்க வந்து போக வசதி. ஆனா அது முக்கியமா விடுமுறை ஊர். 90கள்ல கட்ட ஆரம்பிச்சு, 97 பொருளாதார நெருக்கடியில பாதியில நின்னுபோன கட்டடங்களை அந்தக் கடற்கரை ரோட்டுல நாமே பார்த்திருக்கோம். சனி ஞாயிறு ஜாம், திங்கள்ல இருந்து வெறிச்சோடிடும். அங்க அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கு. ஆனா பெரிய ஸ்பெஷலிஸ்ட் சிகிச்சைன்னா சிரம்பான் துவாங்கு ஜாஃபார் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். முப்பது கிலோமீட்டருக்கு மேல. பகல்ல அது பெரிய தூரம் இல்ல. ராத்திரி மூணு மணிக்கு, ஓட்ட ஆள் இல்லாதப்போ, அது ரொம்ப தூரம்.

மலாக்காவுல டவுனுக்குள்ளேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. 1781ல எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் டவுன் நடுவுல இருக்கு. டவுனை ஒட்டி இருந்தா ஒருத்தர் தனியா சமாளிச்சுக்கலாம். ஆனா கடலை மண் போட்டு நிரப்பின பக்கம் எழுந்திருக்கிற புது உயரக் கட்டடங்கள்ல வாங்குறதுக்கு முன்னாடி, அங்கிருந்து ஒரு பாக்கெட் பால் வாங்க எவ்வளவு தூரம் நடக்கணும்னு நடந்து பார்த்துட்டு வாங்க.

பினாங்குல விலை அதிகம். ஆனா தனியா இருக்கிற வயசானவங்களுக்கு அதுதான் தோதுன்னு நான் நினைக்கிறேன். காரணம் கடல் இல்ல, பஸ். தஞ்சோங் பூங்காவுல ரோட்டுக்குப் பக்கமா வீடு இருந்தா, 101 பஸ் ஏறினா ஜார்ஜ்டவுன். அங்க பெரிய ஆஸ்பத்திரி, 1833ல இருந்து இருக்கிற குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில், சுத்தி நம்ம கடைங்க. தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி, அது இனி நம்ம முட்டிக்கு ஆகாது. அடிவாரத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு வரலாம், முருகன் கோவிச்சுக்க மாட்டார். அதே பஸ் மறுபக்கம் தெலுக் பஹாங் வரைக்கும் போகுது, மாசி மகத்துக்கு சிங்கமுக காளியம்மன் கோயில் தெப்பம் கடல்ல போறதைப் பார்க்கலாம். ஆனா பத்து ஃபிரிங்கி தாண்டி உள்ளே போகப் போக ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது, டவுன் தூரமாயிடுது. கடல் ஒண்ணுதான், ஆனா பத்துக் கிலோமீட்டர்ல வாழ்க்கையே வேற ஆகிடும். 2004 சுனாமி அந்தக் கரையையும் தொட்டதுங்கிறதையும் மறக்க வேண்டாம். தரைமாடி வேண்டாம்.

ரெண்டாவது கட்டடம். ஏஜென்ட் பகல்ல காட்டுவார். நீங்க செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத் தனியா போங்க. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு, எத்தனை ஜன்னல்ல விளக்கு எரியுதுன்னு எண்ணுங்க. நூறு ஜன்னல்ல பத்துல எரிஞ்சா அது விடுமுறை விடுதி. அறுபது எழுபதுல எரிஞ்சா அங்க குடும்பங்க இருக்காங்க. இந்த ஒரு கணக்கை எந்த விளம்பரத்துலயும் போட மாட்டாங்க.

அப்புறம் மாசச் செலவு. வீட்டை ரொக்கமா வாங்கிட்டா செலவே இல்லைன்னு நினைக்கிறாங்க. உதாரணத்துக்கு ஆயிரம் சதுர அடி வீடு, சதுர அடிக்கு 35 காசு பராமரிப்புக் கட்டணம்னு வையுங்க. மாசம் 350 வெள்ளி. அதுல பத்து விழுக்காடு சிங்கிங் ஃபண்ட், 35 வெள்ளி. மொத்தம் 385. இருபது வருசத்துக்குக் கணக்குப் போட்டா 92,400 வெள்ளி. கட்டணம் ஏறவே ஏறாதுன்னு வச்சுக்கிட்டுப் போட்ட கணக்கு இது. லிங்க் ஹவுஸ்ல இந்தச் செலவே நமக்குத் தெரியாது. வாங்குறப்போ முத்திரை வரி வேற. நாலரை லட்சத்துக்கு 8,000 வெள்ளி, வக்கீல் கட்டணம் அதுக்கு மேல.

கடல் காத்து உப்புக் காத்து. ஏர்கோன் வெளிப்பெட்டி, ஜன்னல் கிரில், லிஃப்ட் எல்லாத்தையும் அது தின்னும். சிமெண்டுக்குள்ள இருக்கிற கம்பியையும் விடாது. அதனால லாபியில இருக்கிற பூந்தொட்டியைப் பார்க்காதீங்க. கார் பார்க் கூரையை அண்ணாந்து பாருங்க. சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடிச்ச கம்பி தெரியுதா? அப்புறம் மேனேஜ்மென்ட் ஆபிஸ்ல போன வருசக் கூட்டக் குறிப்பையும் கணக்கையும் கேளுங்க. 2013 ஸ்ட்ராட்டா சட்டப்படி இந்தக் கணக்கு வழக்கெல்லாம் முறையா இருக்கணும். எத்தனை பேர் கட்டணம் கட்டாம பாக்கி வச்சிருக்காங்க, சிங்கிங் ஃபண்ட்ல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க. பாதிப் பேர் கட்டலைன்னா, லிஃப்ட் கெட்டா செய்ய காசு இருக்காது. பதினாலாவது மாடியில இருக்கிற எழுபது வயசுக்காரங்களுக்கு லிஃப்ட் இல்லைன்னா அது வீடு இல்ல, சிறை.

மூணாவது, யாரும் கேட்காத கேள்வி. நம்ம சடங்கு. வாங்குறதுக்கு முன்னாடி மேனேஜ்மென்ட்கிட்ட நேராவே கேளுங்க. வீட்டுக்குள்ள கணபதி ஹோமம் பண்ணலாமா, புகை வந்தா அலாரம் அடிக்குமா? வாசல்ல வாழை கட்டலாமா, கார்த்திகைக்கு விளக்கு வைக்கலாமா? கடைசியா, வீட்டுல ஒரு சாவுன்னா உடலை மேலே கொண்டு வர முடியுமா, கீழே கூடாரம் போட இடம் உண்டா? கேட்கவே சங்கடமாத்தான் இருக்கும். புது வீடு வாங்கப் போற நேரத்துல என்ன அபசகுனப் பேச்சுன்னு அக்காமாருங்க திட்டுவாங்க. திட்டட்டும். நான் அந்தக் கார் பார்க்குல நின்னு கெஞ்சினவன், அதனால சொல்றேன். சில இடத்துல நல்லபடியா விடுறாங்க, ஹாலையே கொடுக்கிறாங்க. கேட்டாத்தான் தெரியும்.

நாலாவது பேப்பர். இதுல ரொம்பப் பேர் ஏமாந்துபோறது ஒரு விசயத்துல. கணவன் மனைவி ரெண்டு பேர் பேர்லயும் வீடு இருந்தா, ஒருத்தர் போனதும் முழுசும் அடுத்தவருக்கு வந்துடும்னு நினைக்கிறோம். தீபகற்பத்துல அப்படித் தானா வராது. போனவருடைய பங்கு அவருடைய சொத்தாகத்தான் நிக்கும். உயில் இல்லைன்னா 1958 பங்கீட்டுச் சட்டப்படி பிரியும். அப்பா அம்மா உயிரோட இல்ல, மனைவியும் பிள்ளைகளும் இருக்காங்கன்னா, மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூணுல ரெண்டு பங்கு. அந்த அண்ணன் வீடு அவர் பேர்ல மட்டும் இருந்துச்சு, உயில் எழுதல. பிள்ளைங்க நல்ல பிள்ளைங்கதான், யாரும் சண்டை போடல. ஆனா மூணு பேரும் மூணு நாட்டுல. கையெழுத்து வாங்கி, பேப்பர் முடிச்சு, விற்பனைக்குப் போடவே ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. அந்த ஒரு வருசமும் அக்கா அங்கேயே தனியா இருந்தாங்க. வீடு வாங்குற அதே வக்கீல்கிட்ட அன்னைக்கே உயிலையும் எழுதிடுங்க. 99 வருச லீஸ் நிலமா இருந்தா இன்னும் எத்தனை வருசம் மிச்சம்னும், தனி ஸ்ட்ராட்டா பட்டா வந்தாச்சான்னும் அப்படியே கேட்டுக்குங்க.

ஐந்தாவதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். இருக்கிற வீட்டை உடனே விக்காதீங்க. முதல்ல ஆறு மாசம் வாடகைக்குப் போய் இருந்து பாருங்க. மழைக்காலம் ஒண்ணு, பள்ளி விடுமுறை ஒண்ணு, ரெண்டும் அந்த ஆறு மாசத்துக்குள்ள வரணும். அதுல ஒரு வாரம், மனைவி கணவர் இல்லாம அங்க தனியா இருந்து பார்க்கணும். கணவரும் ஒரு வாரம் மனைவி இல்லாம இருந்து பார்க்கணும். சமைக்கத் தெரியுதா, மருந்து வாங்கப் போக முடியுதா, யார்கிட்டயாவது பேச முடியுதா? அந்த ஒரு வாரம் உங்களுக்குப் பதில் சொல்லிடும்.

இப்படிச் செஞ்சு நல்லா இருக்கிற குடும்பமும் நம்ம கோயில்லயே உண்டு. பினாங்கு போன ஒரு தம்பதி. முதல்ல கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தாங்க. நாலு மாசத்துல அக்கா சொல்லிட்டாங்களாம், "கடலை எப்போ வேணும்னாலும் நடந்து போய்ப் பார்த்துக்கலாம், கோயிலுக்கும் பசாருக்கும் பக்கத்துல எடுங்க"ன்னு. இப்போ அவங்க வாங்கியிருக்கிறது கடல் தெரியாத பக்கம், நாலாவது மாடி. விலையும் குறைவு. எதிர்வீட்டுல ஒரு மலாய்க்கார டீச்சர், ரிட்டயரானவங்க. ரெண்டு வீட்டுச் சாவியும் ரெண்டு வீட்டுலயும் இருக்கு. அண்ணனுக்குக் கண் ஆபரேசன் நடந்தப்போ பதினைந்து நாள் மருந்து விட்டது அந்த டீச்சர்தான். நான் நல்ல லொக்கேசன்னு சொல்றது இதைத்தான்.

"அப்படின்னா எங்கேயும் போகாம இங்கேயே கிடக்கணுமா?"ன்னு கேட்பீங்க. இல்ல. இந்தத் தாமான்லயும் தனியா இருக்கிறவங்க இருக்காங்க, இங்கேயும் ராத்திரி யாருக்கும் தெரியாம விழுந்து கிடந்தவங்க உண்டு. பழைய இடத்துல இருந்தா மட்டும் ஆள் வந்துடாது. ஆனா முப்பது வருசமா சேர்த்த முகங்களை வித்துட்டு, அந்தக் காசுல கடலை வாங்குறோம்ங்கிறது தெரிஞ்சு வாங்குங்க. புது ஊர்ல அந்த முகங்களைத் திரும்பச் சேர்க்க வருசக்கணக்கா ஆகும். அறுபதுல போனா சேர்க்கலாம். எழுபத்தஞ்சுல போனா கஷ்டம்.

கடைசியா, என் மேல இருக்கிற தப்பையும் சொல்லிடுறேன்.

எழுபது வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்கு வாரம் ஒரு தடவை போன் பண்ணி விசாரிக்கிற லிஸ்ட் ஒண்ணு நம்ம கோயில்ல இருக்கிறது உங்களுக்குத் தெரியும். அந்த அண்ணன் அக்கா ஊர் மாறிப் போனதும், அவங்க பேரை அந்த லிஸ்ட்ல இருந்து எடுத்தது நான்தான். "வெளியூர் போயிட்டாங்க"ன்னு ஒரு கோடு போட்டேன். அவர் நறுக்கின காயில எத்தனை தைப்பூசம் சமைச்சிருப்போம்! ஒரு வரி அடிச்சு விட்டுட்டேன். அக்கா யார்கிட்டயும் பேசாம இருந்த அந்த நாட்கள்ல, நான் எடுக்காத போன் எத்தனைன்னு எனக்குத்தான் தெரியும்.

அதனால நிர்வாகத்துக்கிட்ட பேசி, இந்த வாரத்துல இருந்து ஒரு புது லிஸ்ட் ஆரம்பிக்கிறோம். ஊர் மாறிப் போனவங்க லிஸ்ட். பேர், போன் நம்பர், புது விலாசம், அங்க பக்கத்துல இருக்கிற கோயில். நாங்களே அந்தக் கோயில் தொண்டர்களைக் கூப்பிட்டு, "எங்க ஆள் ஒருத்தர் உங்க ஊருக்கு வந்திருக்கார், பார்த்துக்குங்க"ன்னு சொல்லுவோம். வாரம் ஒரு போன் இங்கிருந்து கண்டிப்பா வரும். போன் பண்ண நாலு இளைஞர்கள் வேணும். தமிழ் பேசத் தெரிஞ்சா போதும், பொறுமையா கேட்கத் தெரிஞ்சா இன்னும் நல்லது. விருப்பம் இருக்கிறவங்க கீழே பேர் போடுங்க.

அந்த அக்கா இப்போ திரும்பி வந்துட்டாங்க. தம்பி மகன் வீட்டுப் பக்கத்துல ஒரு ரூம் வாடகைக்கு. போன வாரம் மாலை கட்ட வந்தாங்க. கை கொஞ்சம் நடுங்குது, ஆனா மாலை பழைய மாதிரியே நெருக்கமாத்தான் இருக்கு.

போனைக் காட்டின அண்ணனுக்கு: அண்ணே, அந்த வீடு நல்லாத்தான் இருக்கு. வர்ற செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அங்க போய் விளக்கு எண்ணுவோம், நானே கார் ஓட்டுறேன். முன்பணம் மட்டும் அதுக்கு முன்னாடி கட்டிடாதீங்க.

எல்லாரும் நல்லா இருக்கணும். ஓம் சக்தி.